வெற்றுத்தாளில் கைநாட்டு

கூட்டுறவு இயக்கம் நம் நாட்டில் எதற்காகத் தோன்றியது என்பதை அங்கத்தினர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. விதைநெல்லுக்கும் உழவு மாட்டுக்கும் கடன் கேட்டுச் சென்ற குடியானவரும், நூலுக்கு முன்பணம் கேட்டுச் சென்ற நெசவாளரும், தொகை எழுதாத பிராமிசரி நோட்டில் பெருவிரலை ஒற்றிவிட்டு வந்த காலம் ஒன்று இருந்தது. அந்தத் தாளில் என்ன எழுதப்பட்டது என்பது நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்த பிறகே அவர்களுக்குத் தெரியவரும். 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்ததும், அதே ஆண்டில் சென்னை மாகாணத்தில் திரூர்ச் சங்கம் அமைந்ததும் உழைப்பாளிகளை இத்தகைய கடன் பிடியிலிருந்து மீட்கவே ஆகும். முதலில் எழுது, பிறகு படித்துக் காட்டு, அதன் பின்னரே ஒப்பம் வாங்கு என்பது சங்கப் பேரேட்டின் முதல் ஒழுங்காக அமைந்தது.

எழுத்தறிவு பெருகியதால் கைநாட்டு மறைந்துவிட்டது என்று நாம் மகிழ்ந்திருந்தோம். அது மறையவில்லை. நியாயவிலைக் கடையிலும், வங்கி முகவரிடத்திலும், சிம் அட்டை விற்கும் கடையிலும் ஒரு சிறு கருவியின் கண்ணாடிமீது இன்று விரலை வைக்கின்றோம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் வைக்கின்றார். பட்டம் பெற்றவரும் வைக்கின்றார். அந்தக் கருவிக்குள் என்ன எழுதப்படுகின்றது என்பதை மட்டும் நம்மில் பலர் கேட்பதில்லை. பழைய வெற்றுத்தாள் புதிய உருவில் வந்திருக்கின்றது என்று கூறினால் அது மிகையாகாது. இக்கருவிகளை வேண்டாமென்று தள்ளுவது நமது நோக்கமன்று. அவை எவ்வாறு இயங்குகின்றன, இடர் எங்கே பிறக்கின்றது, சங்கமும் அங்கத்தினரும் எவ்வாறு காத்துக்கொள்ள வேண்டும் என்பவற்றையே இங்கு விளக்க விரும்புகின்றோம்.

ஓராண்டில் நாம் கொடுப்பவை

காவிரிப் படுகையில் வாழும் ஒரு குடும்பம் ஓராண்டில் எத்தனை இடங்களில் தன் விவரங்களைக் கொடுக்கின்றது என்று சற்றே எண்ணிப் பார்ப்போம். குறுவைக்கோ சம்பாவுக்கோ பயிர்க்கடன் வாங்கத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் சிட்டா, அடங்கல், ஆதார் நகல், வங்கிக் கணக்குப் புத்தக நகல் ஆகியவற்றைக் கொடுக்கின்றோம். பயிர்க் காப்பீட்டுக்கு அவற்றையே மீண்டும் கொடுக்கின்றோம். அறுவடைக்குப் பின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மறுபடியும் கொடுக்கின்றோம். மத்திய அரசின் 6,000 ரூபாய் உழவர் நிதிக்குத் தனிப் பதிவு. 2025இல் தொடங்கிய விவசாயிகள் தனி அடையாள எண்ணுக்கு மற்றொரு பதிவு. திருபுவனத்திலோ அய்யம்பேட்டையிலோ தறி வைத்திருக்கும் குடும்பமானால் நெசவாளர் அடையாள அட்டை, நலத்திட்டம், முத்ரா கடன் என்று பட்டியல் இன்னும் நீளும்.

இவ்விவரங்கள் தனித்தனியே கிடந்தபோது அவற்றால் பெருந்தீங்கு விளையவில்லை. கிராம நிர்வாக அலுவலருக்கு நம் நிலம் தெரியும். சங்கத்துக்கு நம் கடன் தெரியும். கடைக்காரருக்கு நம் வீட்டில் எத்தனை பேர் என்பது தெரியும். எல்லாம் தெரிந்தவர் ஒருவர் இல்லை. இன்றோ அனைத்தும் ஒரே 12 இலக்க எண்ணால் ஒன்றோடொன்று கட்டப்பட்டுள்ளன. நூலின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் கண்டு முழுவதும் அவிழ்ந்து வருவதுபோல, அந்த எண்ணைப் பிடித்தால் குடும்பத்தின் முழுக் கதையும் வந்துவிடும்.

இவ்வாறு கட்டுவதில் நன்மையும் உண்டு என்பதை நடுநிலையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். 2021இல் தமிழக அரசு கூட்டுறவு நிறுவனங்களில் 5 சவரனுக்கு உட்பட்ட நகைக்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தபோது, ஆதார் எண்ணையும் குடும்ப அட்டையையும் ஒப்பிட்டுக் கணக்குகள் ஆராயப்பட்டன. ஏறத்தாழ 48 லட்சம் கடன்களில் சுமார் 35 லட்சம் தள்ளுபடிக்குத் தகுதியற்றவை என்று அப்போது அறிவிக்கப்பட்டது. ஒரே குடும்பத்தில் பல பெயரில் வாங்கிய கடன்கள் வெளிப்பட்டன. பொதுப்பணம் காக்கப்பட்டது. ஆனால் அதே நிகழ்ச்சி மற்றொன்றையும் நமக்கு உணர்த்துகின்றது. எண்ணைக் கொண்டு அரசு ஒரு குடும்பத்தை இவ்வளவு அறிய முடியுமானால், அந்தப் பதிவேடு தவறான கைக்குப் போனால் அவனும் அவ்வளவு அறிவான்.

கைரேகை வந்த வழி

கைரேகையை அடையாளமாகக் கொள்ளும் முறை அயல்நாட்டில் பிறந்து நமக்கு வந்ததன்று. அரசாங்க நடைமுறையில் அது வேரூன்றியது நம் நாட்டிலேதான். 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, சாலைக்குக் கல் தருவதாக ஏற்ற ஓர் ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தில் பதியவைத்தார். 1877இல் அவர் ஹூக்ளியில் இருந்தபோது பத்திரப் பதிவிலும் ஓய்வூதியம் வழங்குவதிலும் விரல்ரேகை வாங்கத் தொடங்கினார். 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் அமைந்தது. ஒருவருடைய ரேகை மற்றொருவருக்கு இராது, வயதானாலும் அதன் அமைப்பு மாறாது என்னும் உண்மையே இவையனைத்துக்கும் அடிப்படை.

மாறாது என்பதே அதன் வலிமை. மாறாது என்பதே இன்று அதன் குறையும் ஆகும். களத்தில் தூற்றிய நெல்லை அம்பாரமாகக் குவித்துவிட்டு அதன்மேல் சாணிக்குறி இடும் வழக்கத்தை நம் முதியோர் அறிவர். இரவில் எவரேனும் கை வைத்தால் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். மறுநாள் வேறு குறி இட்டுக்கொள்ளலாம். பூட்டின் சாவி தொலைந்தால் பூட்டை மாற்றலாம். வங்கி அட்டையின் இரகசிய எண்ணை மாற்றலாம். ஆனால் பத்து விரலின் ரேகையும் ஒருமுறை களவு போனால் வேறு பத்து விரலுக்கு எங்கே போவது? கைரேகை கலையாத குறி. களவு போனதையும் அது காட்டிக்கொடுப்பதில்லை.

எண் வேறு, விரல் வேறு

ஆதாரை நிர்வகிக்கும் ஆணையம் 2009 ஜனவரியில் அமைக்கப்பட்டது. பெயர், முகவரி, பிறந்த நாள், பால் ஆகியவற்றோடு முகப்படம், பத்து விரல்களின் ரேகை, இரு கருவிழிகளின் அமைப்பு ஆகியவை அதில் பதியப்படுகின்றன. இவற்றை அங்கத்தினர்கள் மூன்று வகையாகப் பிரித்து நினைவில் கொள்வது நலம்.

முதலாவது எண். அது பெயரைப் போன்றது. பல இடங்களில் ஏற்கெனவே பரவிவிட்டது. எண்ணை மட்டும் அறிந்த ஒருவரால் நம் கணக்கிலிருந்து பணம் எடுக்க இயலாது. இரண்டாவது, கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுஎண், ஓ.டி.பி. என்று எல்லாரும் சொல்வது. அது சில நிமிடங்களே உயிரோடிருக்கும் சாவி. மூன்றாவது விரல், கருவிழி, முகம். இவை உயிருள்ளவரை மாறாத சாவிகள். எண்ணோடு இவ்விரு வகைச் சாவிகளில் ஒன்று சேரும்போதுதான் கதவு திறக்கின்றது.

ஊர்ப்புறங்களில் வங்கி முகவர் வைத்திருக்கும் சிறு கருவியின் செயல்முறையைப் பார்ப்போம். அதில் பணம் எடுக்க அட்டை வேண்டியதில்லை. இரகசிய எண்ணும் வேண்டியதில்லை. எந்த வங்கி, ஆதார் எண் எது என்னும் இரண்டையும் சொல்லி விரலை வைத்தால் போதும்; ஒரு முறைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். ஏழு கல் தொலைவு நடந்து வங்கிக்குச் சென்ற மூதாட்டிக்கு இது பெரும் வரப்பிரசாதம். ஆனால் நம் ஆதார் நகலில் எண் இருக்கின்றது. கணக்குப் புத்தக நகலில் வங்கி இருக்கின்றது. இவ்விரண்டையும் நாம் எத்தனை இடங்களில் கொடுத்திருக்கின்றோம் என்பதை மேலே கண்டோம். எஞ்சியிருப்பது விரல் ஒன்றே.

நடந்தவை

விரலையும் களவாட முடியுமா என்று சிலர் ஐயுறலாம். 2018இல் தெலங்கானாவின் பெத்தபள்ளி மாவட்டத்தில் ஒரு சிம் அட்டை விற்பனையாளர் பிடிபட்டார். பத்திரப் பதிவுத் துறையின் இணையப் பக்கத்தில் நிலப் பத்திரங்களின் படிகள் கிடைத்தன. அவற்றில் விற்றவர், வாங்கியவர் இருவருடைய ஆதார் எண்ணும் பெருவிரல் பதிவும் இருந்தன. அந்த ரேகைகளைக் கொண்டு ரப்பர் முத்திரை செய்வதுபோல் போலி விரல்களைச் செய்து, ஆயிரக்கணக்கான சிம் அட்டைகளை அப்பாவிகளின் பெயரில் அவர் இயக்கிவைத்திருந்தார். மோசடியைத் தடுப்பதற்காக 1877இல் பத்திரத்தில் ஏறிய ரேகை, 140 ஆண்டுகளுக்குப் பின் மோசடிக்கே கருவியாயிற்று. இத்தகைய போலி விரலைக் கண்டறியும் சோதனையை ஆதார் ஆணையம் 2023இல் அறிமுகப்படுத்தியது. வங்கி முகவர்களை நன்கு விசாரித்தே அமர்த்த வேண்டும், தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வங்கிகளுக்கு ஆணையிட்டது.

இரண்டாவது நிகழ்ச்சி நம் மாநிலத்தில், உழவர்களின் பெயராலேயே நடந்தது. 2020 ஆகஸ்டில் உழவர் நிதித் திட்டத்தில் தகுதியற்றவர்கள் பெருவாரியாகச் சேர்க்கப்பட்டிருப்பது வெளிப்பட்டது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலிய மாவட்டங்களில் இம்முறைகேடு மிகுதி. 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயரில் ஏறத்தாழ 110 கோடி ரூபாய் சென்றிருந்தது. இதற்கு விரல் ஒன்றும் களவு போகவில்லை. அதிகாரிகளின் கடவுச்சொற்கள் ஒப்பந்தப் பணியாளர் சிலர் வழியாகத் தனியார் கணினி மையங்களுக்கும் தரகர்களுக்கும் போய்ச் சேர்ந்தன, அவ்வளவே. கொரோனா உதவித்தொகை என்று சொல்லி ஆதார் நகலையும் கணக்குப் புத்தக நகலையும் வாங்கிச் சென்றார்கள் என்று கிராமத்து மக்கள் பலர் கூறியதாகச் செய்திகள் வந்தன. பின்னர் அரசு அப்பணத்தை அவர்கள் கணக்குகளிலிருந்தே திரும்பப் பிடித்தது. தரகர் தம் பங்கைப் பெற்றுக்கொண்டு போனார். வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்தவர் கணக்கில்தான் கடன் நின்றது.

மூன்றாவது, 2021இல் தமிழகப் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் ஏறத்தாழ 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் வெளிவந்திருப்பதாக ஒரு கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. 2024 மே மாதத்தில், முகத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் தமிழகக் காவல்துறையின் கணினித் தளத்துக்குள் வேற்றார் புகுந்தனர். நிர்வாகியின் கடவுச்சொல் ஒன்று வெளிப்பட்டதே காரணம் என்று துறை கூறியது. ஆயிரம் பேரைக் கண்காணிக்க அமைத்த கண், ஒரு சொல் கசிந்தால் யார் கையிலும் சேரும் என்பதற்கு இது சான்று.

இந்நிகழ்ச்சிகளை ஒருங்கே நோக்கினால் ஒன்று தெளிவாகும். பெரும்பாலும் பூட்டை எவரும் உடைக்கவில்லை. யாரோ ஒருவர் சாவியை இரவல் கொடுத்தார். அல்லது நாட்டார் அனைவரும் பார்க்கும் இடத்தில் மாட்டிவைத்தார்.

தேய்ந்த விரல்கள்

ரேகையால் உழைப்பாளிகளுக்கு மற்றொரு துன்பமும் உண்டு. களவு போகும் விரல் ஒருபுறமிருக்க, உரியவர் வைத்தாலும் பதியாத விரல் மறுபுறம். நாற்று பறித்து, சேற்றில் நாள் முழுதும் நடவு நட்ட பெண்களின் விரல் நுனியைப் பாருங்கள். இழை இழையாகப் பாவு பிணைக்கும் முதியவரின் பெருவிரலையும், சாயத்தொட்டியில் கைவைத்து வாழ்பவரின் உள்ளங்கையையும் பாருங்கள். ரேகை தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். உழைப்பு மிகுந்த கையையே கருவி அறிய மறுக்கின்றது. தமிழகத்தின் நியாயவிலைக் கடைகளில் 2020 முதல் கைரேகை முறை வந்தபோது இந்த இடர்ப்பாட்டை நம் ஊர்கள் நேரில் கண்டன. பின்னர் கருவிழி முறையும் சேர்க்கப்பட்டது.

இங்கே ஓர் உரிமையை அங்கத்தினர்கள் அறிய வேண்டும். ரேகை பதியவில்லை என்பதற்காக ஒருவருக்கு உரிய பொருளோ பணமோ மறுக்கப்படலாகாது என்பது உச்ச நீதிமன்றமே வலியுறுத்திய கருத்து. வேறு வழியில் அடையாளத்தை உறுதிசெய்துகொண்டு கொடுக்க வேண்டும். மேலும், விரல் பதியவில்லை, மறுபடி வை என்று சொல்லி இரண்டு மூன்று முறை வைக்கச் செய்து, ஒவ்வொரு முறையும் பணம் எடுத்துக்கொள்ளும் மோசடிக்குத் தேய்ந்த விரலே வசதியாகின்றது. இந்த விரல் பதிவது அரிது என்று எல்லாரும் அறிந்திருப்பதால் எவரும் ஐயுறுவதில்லை.

சட்டம் சொல்வது

2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாக, தனிவாழ்வின் மறைவுரிமை அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். வழக்குத் தொடுத்த புட்டசாமி கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். 2018 செப்டம்பர் 26 அன்று வந்த மற்றொரு தீர்ப்பில், அரசு மானியங்களுக்கு ஆதார் கேட்கலாம் என்றும், வங்கிக் கணக்குக்கும் கைப்பேசி இணைப்புக்கும் அதைக் கட்டாயமாக்கலாகாது என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர்.

2023இல் தனிநபர் விவரங்களைக் காக்கத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வரும் வகையில் அவை அமைந்துள்ளன. என்ன நோக்கத்துக்காக விவரம் கேட்கப்படுகின்றது என்பதைச் சொல்லிக் கேட்க வேண்டும். நோக்கம் முடிந்தால் அழிக்க வேண்டும். கசிவு நேர்ந்தால் உரியவருக்கு அறிவிக்க வேண்டும் என்பன அச்சட்டத்தின் சாரம். மானியமும் உதவியும் வழங்க அரசு திரட்டும் விவரங்களுக்குச் சில நிபந்தனைகளுடன் ஒப்புதல் வேண்டாமென்னும் விலக்கும் அதில் உண்டு. நம்மைப் போன்றோர் மிகுதியாக விவரம் கொடுப்பது அரசுத் திட்டங்களுக்கே ஆதலால், சட்டத்தின் நிழல் மட்டும் நமக்குப் போதாது.

கூட்டுறவாளர்கள் தனியே அறிய வேண்டிய தீர்ப்பு ஒன்றும் உள்ளது. கேரளத்தில் தலப்பலம் சேவைக் கூட்டுறவு வங்கியிடம், சில அங்கத்தினர்களின் கணக்கு விவரங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒருவர் கேட்டார். சங்கம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2013 அக்டோபர் 7 அன்று, அரசின் கணிசமான நிதியால் நடவாத கூட்டுறவுச் சங்கம் அச்சட்டத்தின் பொருளில் பொது அதிகார அமைப்பு ஆகாது என்று நீதிமன்றம் கூறியது. பதிவாளர் அச்சட்டத்துக்கு உட்பட்டவரே எனினும், அங்கத்தினரின் தனிக் கணக்கு விவரங்களை அவர் வழியாகவும் பெற்றுவிட முடியாது என்றும் விளக்கியது.

சங்கத்தின் கடமை

கூட்டுறவில் எல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டுமே, மறைவுக்கு இங்கு என்ன இடம் என்று சிலர் கேட்பர். சங்கத்தின் வரவு செலவு, கையிருப்பு, தணிக்கை அறிக்கை, குழுவின் தீர்மானம் ஆகியவை எல்லா அங்கத்தினருக்கும் சொந்தம். ஓர் அங்கத்தினரின் கடன், நகை, ஆதார், கைப்பேசி எண் ஆகியவை அவருக்கு மட்டுமே சொந்தம். சங்கம் அவற்றுக்குக் காவலாளி. முன்னதை மறைப்பது குற்றம். பின்னதைப் பரப்புவதும் குற்றமே.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் 63,000ஐ 2,516 கோடி ரூபாய் செலவில் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. பேரேடு அலமாரியிலிருந்து கணினிக்கு மாறுகின்றது. அலமாரியின் சாவியை யாரிடமும் கொடுக்காத காரியதரிசி, கணினியின் கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டிவைத்தால் அந்த மாற்றத்தால் பயன் என்ன? ஆகவே ஒவ்வொரு சங்கமும் பின்வருவனவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றி நடக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.

ஒவ்வொரு பணியாளருக்கும் தனிக் கடவுச்சொல் இருத்தல் வேண்டும். ஒருவருடையதை மற்றொருவர், அவசரத்துக்குக்கூட, பயன்படுத்தலாகாது. 2020இன் பாடம் இதுவே. தேவையற்ற நகலைக் கேட்கலாகாது. முன்னரே பெற்ற நகலை ஆண்டுதோறும் புதிதாகக் கேட்பதைத் தவிர்க்க வேண்டும். பயன் முடிந்த நகல்களைப் பழைய தாளோடு சேர்த்து எடைக்குப் போடலாகாது. அங்கத்தினரின் ஆதார் நகல் கடைத்தெருவில் பட்டாணிப் பொட்டலமாக வருவது சங்கத்துக்குப் பெருமையன்று. அறிவிப்புப் பலகையில் பயனாளிப் பட்டியல் ஒட்டும்போது பெயரும் அங்கத்தினர் எண்ணும் போதும். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் முழுமையாக வேண்டியதில்லை. வாட்ஸாப் குழுவில் அப்பட்டியலைப் போடுவதும் பலகையில் ஒட்டுவதும் ஒன்றே என்று எண்ணலாகாது. பலகையைக் கழற்றிவிடலாம், குழுவில் போட்டது எங்கெங்கு போயிற்று என்பதை எவராலும் அறிய இயலாது. கருவியில் விரல் வைக்கச் சொல்லும் முன், என்ன காரியத்துக்கு, எவ்வளவு தொகைக்கு என்பதை வாய்விட்டுச் சொல்லி, திரையைக் காட்டி, முடிந்தபின் அச்சுச் சீட்டைக் கையில் கொடுக்க வேண்டும்.

அங்கத்தினர் செய்யத் தக்கவை

ஆதார் ஆணையம் நமக்குச் சில காப்புகளைத் தந்துள்ளது. விரல், கருவிழி, முகம் ஆகியவற்றைப் பூட்டிவைக்கும் வசதி அவற்றுள் தலையாயது. பூட்டிவிட்டால் போலி விரல் மட்டுமன்று, நம் விரலும் ஏற்கப்படாது. நியாயவிலைக் கடைக்கோ வங்கி முகவரிடமோ செல்லும்போது சிறிது நேரம் திறந்துகொள்ளலாம். இதற்கு ஆதாரோடு பதிவான கைப்பேசி எண் நம் கையில் இருக்க வேண்டும். நம் பகுதியில் பலருடைய ஆதாரில் இருப்பது திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ உள்ள மகனுடைய எண். பணம் போன செய்தியும் அங்கேதான் போகும். ஆகையால் முதற்காரியமாக எண்ணைச் சரிபார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். ஐயங்களுக்கு ஆணையத்தின் தொலைபேசி எண் 1947.

நகல் கொடுக்க வேண்டிய இடங்களில், கடைசி 4 இலக்கங்களை மட்டும் காட்டும் மறைப்பு ஆதாரை ஏற்பார்களானால் அதையே கொடுங்கள். முழு நகலே வேண்டுமென்றால், இன்ன காரியத்துக்கு, இன்ன நாளில் கொடுத்தது என்று அதன் குறுக்கே எழுதிக் கையொப்பமிடுங்கள். நம் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்னும் வரலாற்றைக் கடந்த 6 மாதங்களுக்கு ஆணையத்தின் தளத்தில் காணலாம். வீட்டில் படித்த பிள்ளைகள் மாதம் ஒருமுறை இதைப் பார்த்துச் சொல்லலாம். ஓ.டி.பி. எண்ணை எவர் கேட்டாலும், சங்கத்துக் காரியதரிசியே கேட்டாலும், தொலைபேசியில் சொல்லாதீர்கள். முகவரின் கருவி பதியவில்லை என்றால் தோல்விச் சீட்டைக் கேட்டு வாங்கிய பின்னரே மறுமுறை விரல் வைக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தை மாதந்தோறும் வரவு வைத்துப் பாருங்கள்.

இத்தனைக்குப் பின்னும் பணம் போனால் மலைத்து நிற்கலாகாது. உடனே 1930 என்னும் எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுக்க வேண்டும். அதே நாளில் வங்கிக்கும் எழுத்தில் தெரிவித்து ஒப்புகை பெற வேண்டும். 2017இல் ரிசர்வ் வங்கி வணிக வங்கிகளுக்கும், அதே ஆண்டு டிசம்பரில் கூட்டுறவு வங்கிகளுக்கும் வகுத்த நெறியின்படி, வாடிக்கையாளர் தவறின்றி வெளியார் மோசடியால் போன பணத்தை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அவருக்கு இழப்பு இல்லை. தவறு வாடிக்கையாளருடையது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் வங்கியுடையது. நாள் கடந்தால் இழப்பில் பங்கு ஏற்க வேண்டிவரும். ஓ.டி.பி.யைத் தாமே சொன்னவருக்கு, அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் போனதே. வெட்கத்தாலோ, வீட்டார் ஏசுவார்கள் என்ற அச்சத்தாலோ வாய் மூடியிருப்பவர், மோசக்காரருக்கு அவகாசம் தருகின்றார். மற்ற அங்கத்தினர்களுக்கும் அவர் எச்சரிக்கை செய்யாதவர் ஆகின்றார்.

தனி ஒருவர் இவற்றையெல்லாம் நினைவில் வைத்து நடப்பது கடினந்தான். அதனால்தான் இது சங்கத்தின் வேலையுமாகும். லேவாதேவிக்காரர் முன் தனியே நின்ற குடியானவரால் தாளில் என்ன எழுதியிருக்கின்றது என்று கேட்க முடியவில்லை. சங்கமாகச் சேர்ந்தபோது கேட்க முடிந்தது. அடுத்த பொதுப் பேரவைக் கூட்டத்தில் வரவு செலவு படித்து முடிந்ததும் ஓர் அங்கத்தினர் எழுந்து, நம் ஆதார் நகல்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன, சாவி யாரிடம், கணினியின் கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்கட்டும். நிர்வாகக் குழுவினர் அதற்கு விடை சொல்லட்டும். விடை இல்லையேல், அன்றே ஒரு தீர்மானம் எழுதப்படட்டும்.